பால் வெட்டாத நாட்களின் கணக்கு

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் முதலில் சாய்ந்த கோபுரத்தின் முன்னால் நின்று கையை நீட்டி, அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சாப்பிடப் போய்விடுகிறார்கள். 1885இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகைக்காரர் கட்டிய கோபுரம் அது. வெளியே எட்டு அடுக்கு தெரியும், உள்ளே மூன்று மாடிதான். நாங்கள் சின்ன வயதில் அதை மணிக்கூண்டு என்போம். மணி பார்க்கத்தான் கட்டினார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது தண்ணீர்த் தொட்டி. வறட்சிக்கும் தீ விபத்துக்கும் நகரத்துக்கு வேண்டிய நீரை மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். கீழே இருந்த களிமண் அந்த எடையைத் தாங்காமல் இறங்கியதில் கோபுரம் சாய்ந்தது.

பேராக் ஆறு நகரத்தைச் சுற்றி வளைந்து போகிறது, பீடோர் ஆறும் வந்து சேர்கிறது, கடலின் ஏற்றவற்றம் படித்துறைவரை தெரிகிறது. இத்தனை தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்த ஊர் இது. அந்தப் பயம் வீண் பயமில்லை. இங்கே மழை கூடுவதும் குறைவதும் இந்த ஊர் வானத்தைப் பொறுத்த விஷயமே இல்லை.

என் பாட்டி இதைத் தன் பாணியில் சொல்வார். "இங்க பேயுற மழையில ஊரு முழுவாது. மலையில பேயுறதுதான் முழுக்கும். வானம் வெளுத்திருக்கும், துணி காயப் போட்டிருப்போம், தண்ணி படியேறி வந்து நிக்கும்." பாட்டிக்கு வரைபடம் தெரியாது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கிறது. பேராக் ஆறு தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளில் பிறந்து, குவாலா கங்சார், பாரிட், போத்தா, கம்போங் காஜா என்று ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்துதான் நம்மிடம் வருகிறது. ஈப்போ பக்கத்திலிருந்து கிந்தா ஆறும் வழியில் சேர்ந்துகொள்கிறது. மேலே வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகுதான் நமக்கு ஏறத் தொடங்கும். அதற்குள் ஈப்போவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைப் பற்றி மட்டும் எழுதுவதாகத்தான் இருந்தேன். அந்த ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் தீபகற்பத்தின் பெரும்பகுதி மூழ்கியது. கிளந்தானில் சேற்று நிறத்தை வைத்து அதற்கு 'பா ஆயர் மேரா', சிவப்பு நீர் வெள்ளம் என்று பெயர். கோலாலம்பூரின் கடைத் தெருக்களில் படகு போனது, பஹாங் ஆற்றங்கரை ஊர்கள் அழிந்தன, ரயில் பாதைகள் பல இடங்களில் அறுந்தன. பேராக் ஆறும் பொங்கியது. கடைசியில் தெலுக் ஆன்சன் என்று அப்போது பெயர் கொண்டிருந்த நம் ஊரிலும் தண்ணீர் ஏறி நின்றது. நினைவு தெரிந்து இதைவிட மோசமான வெள்ளம் இல்லை என்று வடிகால் இலாகா பின்னாளில் எழுதியது.

எனக்கு வெள்ளத்தைவிட ஆண்டுதான் முக்கியமாகப் பட்டது. 1922இல் வந்த ஸ்டீவன்சன் திட்டம் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியதில் 1925இல் விலை உச்சத்துக்குப் போனது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1926இல் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவில் வந்திறங்கியவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, முகாமில் அடைபட்டு, ரயிலில் தாப்பா ரோடு வந்து, கிளைப் பாதையில் தெலுக் ஆன்சன் வந்தவர்களில் பலருக்கு இந்த மண்ணில் அது முதல் டிசம்பர். அடைமழையை ஊரிலேயே பார்த்திருப்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழை தெரியாத தமிழன் கிடையாது. ஆனால் வானம் வெளுத்த பிறகு ஏறி வரும் வெள்ளத்தை அவர்கள் கண்டிருக்க வாய்ப்பில்லை. லயத்தின் திண்ணையில் நின்றுகொண்டு, இது வடியுமா கூடுமா என்று யாரைக் கேட்டிருப்பார்கள்? அக்காலச் செய்திகளில் ரயில், தபால், தந்தி, இழந்த ரப்பர் பற்றிய பேச்சே அதிகம். கூலிகள் என்ற ஒரு சொல்லுக்குள் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள்.

வெள்ளத்துக்குக் காரணம் என்ன என்ற விவாதம் அப்போதே எழுந்தது. சுற்றுச்சூழல் வரலாற்றாளர் ஃபியோனா வில்லியம்சன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மழை அசாதாரணமானதுதான். ஆனால் அதைப் பேரழிவாக மாற்றியதில் காட்டை வெட்டி ரப்பர் நட்டதற்கும், ஈயச் சுரங்கங்களின் மண் ஆறுகளில் இறங்கியதற்கும் பங்குண்டு. கிந்தா பள்ளத்தாக்கில் நீரைப் பீய்ச்சி மலையை உடைத்து ஈயம் அரித்தார்கள். மிச்ச மணல் எங்கே போகும்? ஆற்றுப் படுகைக்குத்தான். படுகை உயர்ந்தால் அதே மழை பழைய கரைக்குள் அடங்காது. சிலாங்கூரில் குவாலா குபு என்ற ஊரே சுரங்க மண்ணில் புதைந்து, 1920களில் அதைக் கைவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோன்றியது. நெல் விளைச்சல் அதன் முதல் நோக்கம் என்றாலும், பெருவெள்ளத்தின் ஞாபகம் ஆறிப்போகாத காலம் அது. இன்று 'ஜேபிஎஸ்' என்று நாம் சொல்லும் இலாகா அதுதான்.

சரி, அந்த மழை ஏன் அந்த ஆண்டு வந்தது?

இதற்குப் பதில் தேடினால் கொஞ்ச தூரம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அதிலும் நம் ஆட்களே வருகிறார்கள். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தமிழ் ஆண்டு தாது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் பாட்டிகளின் பாட்டிகள் சொன்னது அதைத்தான். மறு ஆண்டும் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. இலட்சக்கணக்கில் மாண்டார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியது. 1877–78இல் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியிருந்தன என்பது இன்று தெரியும். இதுவரை அறியப்பட்ட மிகப்பெரிய எல் நினோக்களில் ஒன்று அது. அன்று யாருக்கும் தெரியாது. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, காற்றழுத்தம் இந்தியாவில் மட்டுமல்லாமல் மிகப் பரந்த நிலப்பரப்பில் ஒருசேர உயர்ந்திருந்ததைக் கவனித்தார். அதன் பிறகு 1904 முதல் 1924வரை அதே துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர், உலகெங்குமுள்ள நிலையங்களின் எண்களை எழுத்தர்களை வைத்துக் கூட்டிக் கழித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தியப் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் பசிபிக் பக்கம் இறங்குகிறது, பிறகு மாறுகிறது. ஊஞ்சல்போல. தென்னக அலைவு என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த ஊஞ்சலும் எல் நினோவும் ஒன்றே என்பதை யாக்கோப் பியர்க்னஸ் 1969இல்தான் நிறுவினார்.

எல் நினோ வந்தால் நம் பக்கம் கடல் சற்றுக் குளிர்ந்து, மேலெழும் காற்று கிழக்கே நகர்ந்து, மழை குறையும். லா நினா வந்தால் வெந்நீர் நம் பக்கம் குவிந்து மழை கூடும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். இதை அப்படியே பிடித்துக்கொண்டு வெள்ளங்களின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் உட்கார்ந்தேன். 1971 ஜனவரியில் கோலாலம்பூரையும் பஹாங்கையும் மூழ்கடித்த வெள்ளம் லா நினா ஆண்டில் வந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமை மூழ்கடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியதும் லா நினா ஆண்டில்தான். ஆனால் கிளந்தான், திரெங்கானு, பேராக் ஆறுகள் ஒன்றாகப் பொங்கி 55 பேர் இறந்த 1967 வெள்ளத்தின்போது பசிபிக் ஏறக்குறைய சாதாரணமாக இருந்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோரை வீட்டைவிட்டு வெளியேற்றிய 2014 டிசம்பர் வெள்ளத்தின்போது பசிபிக் லேசாகச் சூடாகவே இருந்தது. அந்த வெள்ளம் பேராக் ஆற்றையும் விடவில்லை, குவாலா கங்சார் தொடங்கி ஹீலிர் பேராக் வரை ஆட்கள் மண்டபங்களில் படுத்திருந்தார்கள். 1926இன் கதையும் இதே குழப்பம்தான். 1925–26 எல் நினோ ஓய்ந்து ஓராண்டுகூட முடியவில்லை.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் கொஞ்சம் ஈயம் ஊற்றினால் தாயம் அடிக்கடி விழும். ஆனால் ஊற்றாவிட்டாலும் தாயம் விழத்தான் செய்யும். கட்டையில் ஈயம் ஊற்றுகிற வேலை லா நினாவுடையது. கட்டையை உருட்டுவது அந்தந்த வாரத்தின் காற்று. சைபீரியாவிலிருந்து இறங்கும் குளிர்காற்று தென்சீனக் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. போர்னியோவுக்கு மேற்கே ஒரு சுழல் நின்று அந்த ஈரத்தை ஓரிடத்தில் கொட்டவைக்கிறது. இவற்றுக்கு மேல், இந்தியப் பெருங்கடலில் தோன்றி முப்பது முதல் அறுபது நாளில் பூமத்தியரேகையை ஒட்டிக் கிழக்கே நகரும் ஒரு மேகக் கூட்டம் இருக்கிறது. மேடன், ஜூலியன் என்ற இருவர் 1971இல் கண்டறிந்ததால் அவர்கள் பெயரே அதற்கு. இவை ஒரே வாரத்தில் சந்தித்துக்கொண்டால், பசிபிக் என்ன சொன்னாலும் சரி, வெள்ளம்தான்.

மேற்குக் கரைக்காரர்களான நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடும். நம் சொந்த மழை இரண்டு பருவங்களுக்கு நடுவில்தான் உச்சம் தொடும்: ஏப்ரல் வாக்கில் ஒன்று, அக்டோபர் நவம்பரில் பெரியது ஒன்று. இந்த இரண்டாவது உச்சத்தில் இந்தியப் பெருங்கடலின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதன் கிழக்கும் மேற்கும் மாறி மாறிச் சூடாவதை 1999இல் கேரளத்துக்காரரான சாஜியும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். சுமத்ரா பக்கம் கடல் குளிர்ந்தால் நமக்கு மழையில்லை. 1997இல் எல் நினோவும் இதுவும் சேர்ந்துகொண்டதில் சுமத்ராவும் காலிமந்தானும் பற்றியெரிந்து, அந்தப் புகையை நாம் மாதக்கணக்கில் மூச்சாக இழுத்தோம்.

ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழ்நாட்டின் ஐப்பசி கார்த்திகை மழை எல் நினோ ஆண்டில் பெரும்பாலும் கூடுகிறது, குறைவதில்லை. 2015இல் நாம் இங்கே புகையில் பள்ளிகளை மூடிக்கொண்டிருந்தோம். ஓரிரு மாதம் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில், சென்னை மூழ்கியது. பெயர் இரண்டு இடத்திலும் வடகிழக்குப் பருவமழைதான். கடலுக்கு இந்தப் பக்கம் பேரன், அந்தப் பக்கம் பங்காளி. ஒருவன் வீடு நனைகிற ஆண்டில் மற்றவன் வீடு காய்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் மில்லிமீட்டர்க் கணக்கு. தோட்டத்தில் வேறு ஒரு கணக்கு இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நாங்கள் இருந்த தோட்டத்து ஆபீஸின் முன்னால், புல்வெளியில் சிறு வேலி போட்டு ஒரு மழைமானி இருந்தது. செம்புக் குழாய். என் தாத்தாவின் தம்பி அங்கே ஆபீஸ் பையன். ஐம்பது வயதிலும் பையன்தான். காலையில் அவர்தான் உள்ளே இருக்கும் போத்தலை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அங்குலம் பார்த்துச் சொல்வார், கிராணி எழுதிக்கொள்வார். மலாயா முழுக்க இப்படித்தான் மழை அளந்தார்கள். தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகள், பிறகு தோட்டங்கள். இன்று விஞ்ஞானிகள் பயன்படுத்தும் பழைய மழைப் பதிவுகளின் அடியில் நம் சின்னத் தாத்தாக்களின் கை இருக்கிறது. பெயர் இருக்காது.

அதே ஆபீஸில் இன்னொரு புத்தகமும் உண்டு. செக்ரோல். விடியலுக்கு முன் பேரட்டுக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள். மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் வெட்டுக்கோட்டில் ஒழுங்காக இறங்காமல் பட்டையெல்லாம் பரவி, மங்கில் விழாமல் வீணாகும். வெட்டிய பிறகு மழை பிடித்தாலும் மங்கில் தண்ணீர்தான் நிற்கும். "தண்டல் வானத்தப் பாப்பாரு, கிராணி தண்டலப் பாப்பாரு, நாங்க ரெண்டு பேரையும் பாப்போம்" என்பார் என் அம்மா. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. புல் வெட்டவோ அல்லூர் வாரவோ அனுப்பினால் ஏதோ கிடைக்கும். எல்லாருக்கும் கிடைக்காது.

இங்கேதான் மில்லிமீட்டர் நம்மைக் கைவிடுகிறது. இரண்டு அங்குல மழை மாலை நாலு மணிக்குப் பெய்தால் தோட்டத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றி, குளித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அரை அங்குலம் விடியற்காலை நாலு மணிக்குப் பெய்தால் அன்றைய கூலி போச்சு. மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியும் முன்பு இடியோடு கரையேறும் சுமத்ராக் காற்று சரியாக இந்த நேரத்தைத்தான் பிடிக்கும். ஏப்ரல் தொடங்கி நவம்பர்வரை அதன் ராஜ்யம். மழைமானியில் அது ஒரு சாதாரண நாள். செக்ரோலில் அது ஒரு பூஜ்யம். ஒரு மாதத்தில் எட்டுப் பத்து பூஜ்யம் விழுந்தால் மளிகைக் கடைப் புத்தகத்தில் கடன் ஏறும். பெரிய மழை மாதமும் தீபாவளி மாதமும் ஒன்றாக அமைந்துபோனது எங்கள் தலையெழுத்து.

தோட்டத் தொழிற்சங்கம் பல பத்தாண்டுகள் மாதச் சம்பளம் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அடியில் இந்தப் பூஜ்யங்கள்தான் இருந்தன. வானத்தின் ஆபத்தை யார் சுமப்பது என்பதே கேள்வி. விலை ஏறும்போது இலாபம் லண்டனுக்குப் போனது. மழை பிடிக்கும்போது நட்டம் லயத்துக்கு வந்தது. காலநிலை மாற்றம் பற்றி இப்போது நடக்கும் பன்னாட்டு மாநாடுகளில் இழப்பு, ஈடு என்றெல்லாம் பேசுவதைக் கேட்கும்போது எனக்குப் பேரட்டு ஞாபகம் வருகிறது.

மழைப் பதிவேடு மிஞ்சியது. செக்ரோல் மிஞ்சவில்லை. தோட்டங்கள் கைமாறின, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், வேலை முறை மாறியது. ஆட்கள் நகரத்து ஓரங்களுக்குப் போனார்கள். எங்கள் தோட்டத்து ஆபீஸை இடித்தபோது பழைய செக்ரோல்களைப் பின்னால் குவித்துக் கொளுத்தியதை நான் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அது ஒரு ஆவணம் என்று தோன்றவில்லை, குப்பை எரிவதாகத்தான் தோன்றியது. அறுபது எழுபது ஆண்டுகள், ஒவ்வொரு நாளும், விடியலில் மழை இருந்ததா இல்லையா என்ற பதிவு அது. எல் நினோ ஆண்டுகளில் பால் வெட்டிய நாட்கள் கூடினவா? லா நினா ஆண்டுகளில் எத்தனை பேர் விழாமல் போனது? உலகத்தில் எந்தச் செயற்கைக்கோளும் இனி அதைச் சொல்லாது. வேறு எங்காவது ஒரு தோட்டத்தின் அலமாரியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இதைப் படிக்கிற யாராவது அப்படியொரு கட்டைப் பார்த்தால் எரிக்க விடாதீர்கள்.

ஆற்றுக்குத் திரும்புகிறேன். 1930 வாக்கில் செண்டரோ அணை, 1970களின் இறுதியில் தெமெங்கோர், பிறகு பெர்சியா, கெனெரிங் என்று பேராக் ஆற்றில் வரிசையாக அணைகள் வந்துவிட்டன. மேலிருந்து வரும் தண்ணீர் இப்போது பழையபடி இறங்குவதில்லை. 2014இல் வந்தது போல எப்போதாவது அணைக்குக் கீழே பெய்கிற மழையே போதுமானதாகிவிடுகிறது. கீழேயிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கத்தான் அணை கிடையாது.

கடற்கரை மலாய்க்காரர்களிடம் 'பாசாங் கெலிங்' என்று ஒரு சொல் உண்டு. ஆண்டின் கடைசியில் வரும் பெரிய ஓதம். கெலிங் என்பது நம்மைக் குறித்த பழைய சொல். வசையாகவே கேட்டு வளர்ந்ததால், பாகான் டத்தோ பக்கம் ஒரு பெரியவர் அதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் சாதாரணமாக விளக்கினார்: "தீபாவளிக்கு வர்ற ஓதம், அதான் அந்தப் பேரு." யோசித்துப் பார்த்தால் சரிதான். தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருகிறது. அமாவாசையில் ஓதம் ஏறும். அதே மாதத்தில் நம் மழையும் உச்சத்தில் இருக்கும். நம் பஞ்சாங்கம் அவர்களுக்குக் கடல் ஏறும் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஓதம் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் கடலில் இறங்காது. அந்த மணிநேரங்களில் பெய்கிற மழைக்குப் போக்கிடம் நகரத்தின் தெருக்கள்தான். கடல்மட்டம் உயர உயர அந்த மணிநேரங்கள் நீளும். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏழு விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல், அதில் தகராறு இல்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா படிக்கட்டில் ஒரு செங்கல்லை வைத்து, தண்ணீர் அதைத் தொட்டால் அரிசி மூட்டையை மேலே ஏற்ற வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவைத்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு இடி கேட்டது. மரம் வெட்டி முப்பது ஆண்டு ஆகிறது, ஆனாலும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தவர், "இன்னிக்கு வெட்டு இல்ல" என்றார்.